வாசல் கதவுக்கு என்ன கலர் அடிக்கலாம்? டப்பாவைத் திறக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பொங்கலுக்கு முன்பு வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது என்று முடிவாகிவிட்டது. சுவருக்கு என்ன நிறம் என்பதில் பெரிய சண்டை இல்லை. வெள்ளையில் தொடங்கி சந்தன நிறத்தில் வந்து நின்றுவிடும். பேச்சு வாசல் கதவுக்கு வந்ததும்தான் குடும்ப வாட்ஸ்அப் குரூப் சூடாகும். "தேக்கு, அதுல போய் பெயிண்டா? பாலிஷ்தான்" என்பார் அப்பா. "நேவி ப்ளூ அடிச்சா சும்மா அள்ளும்" என்று இன்ஸ்டாகிராம் படம் ஒன்றை அனுப்புவாள் மகள். "கிழக்குப் பார்த்த வாசல், கருப்பு கிருப்புன்னு அடிச்சிடாதீங்க" என்று பெரியம்மா வாய்ஸ் நோட் போடுவார். கடைசியில் பெயிண்டர், "அண்ணே, ப்ரவுன் ஒரு லிட்டர் எழுதிக்கவா?" என்று கேட்க, எல்லோரும் களைத்துப்போய் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு கதவுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா? கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். வீட்டிலேயே வெயில், மழை, கை அழுக்கு மூன்றையும் ஒருசேர வாங்குவது வாசல் கதவு. இன்னொரு காரணமும் உண்டு. கதவு பழையது என்றால், புது நிறத்தைவிட அதன் அடியில் இருக்கும் பழைய பெயிண்ட்தான் முக்கியம். குழந்தை தவழும் வீட்டில் அது உடல்நலப் பிரச்சினை.

பெயிண்டா, பாலிஷா?

நிறத்தைத் தேர்வு செய்வதற்கு முன் கதவு எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். தேக்கு, வேங்கை போன்ற மரங்களின் அழகே அதன் ரேகைதான். எனாமல் பெயிண்ட் அந்த ரேகையை முழுவதும் மூடிவிடும்.

இங்கே ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பாலிஷ் போட்ட கதவைப் பின்னாளில் பெயிண்ட் கதவாக மாற்றுவது சுலபம். பெயிண்ட் அடித்ததைத் திரும்பப் பாலிஷுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. செதுக்கு வேலைப்பாட்டின் இடுக்குகளிலும் மரத்தின் துளைகளிலும் இறங்கிய பெயிண்டை முழுமையாக எடுக்க முடியாது. அதனால் நல்ல தேக்குக் கதவு வைத்திருப்பவர்கள் குழப்பத்தில் இருந்தால், முதலில் பாலிஷ் பக்கம் போவது நல்லது. மனசு மாறினால் வழி திறந்தே இருக்கும்.

பாலிஷிலும் வகை உண்டு. அரக்கைக் கரைத்துப் போடும் பழைய பிரெஞ்சு பாலிஷ் பார்க்க அழகு. ஆனால் தண்ணீர் பட்டால் வெள்ளைத் திட்டு விழும். மெலமைன் வீட்டுக்குள் இருக்கும் கதவுகளுக்கு ஏற்றது. நேரடி வெயிலும் சாரலும் படும் வாசல் கதவு என்றால், வெளிப்புறத்துக்கென்று தயாரிக்கப்படும் பியூ பூச்சுதான் கூடுதல் நாள் தாங்கும்.

கதவு வேம்பு, பலா போன்ற நாட்டு மரம், ஏற்கெனவே பெயிண்ட் அடித்தது, அல்லது சாதாரண ஃப்ளஷ் டோர் என்றால் பெயிண்டே சரி. மேலே லேமினேட் ஷீட் ஒட்டிய கதவில் மட்டும் கவனம் தேவை. அதன் வழவழப்பின் மேல் எனாமலை அப்படியே அடித்தால் சில மாதங்களிலேயே உரியத் தொடங்கும். தேய்த்து, அதற்கான ப்ரைமர் போட்ட பிறகே கலர்.

எந்தத் திசை, எவ்வளவு வெயில்?

மேற்குப் பார்த்த வாசல் என்றால், மே மாத மதியம் முழுக்கக் கதவு வெயிலில் காயும். கருப்பு, அடர் நீலம், அடர் சாம்பல் போன்றவை வெயிலை அதிகம் உறிஞ்சும். கதவு சூடேறும்போது மரம் சுருங்கும், இணைப்புகளில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாக அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும். இரும்புக் கதவு என்றால் தாழ்ப்பாளைத் தொட்டாலே கை சுடும்.

ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதை 'லைட் ரிஃப்ளெக்டன்ஸ் வேல்யூ', சுருக்கமாக எல்.ஆர்.வி. என்பார்கள். கருப்பு பூஜ்ஜியத்தை ஒட்டியும், வெள்ளை 100-ஐ ஒட்டியும் இருக்கும். பல பெயிண்ட் நிறுவனங்கள் தங்கள் நிற அட்டவணையிலேயே இந்த எண்ணைத் தருகின்றன. வெயில் நேராக விழும் கதவுக்கு மிகக் குறைந்த எண் உள்ள நிறத்தைத் தவிர்ப்பது நல்லது. போர்டிகோவோ சன்ஷேடோ நன்றாக நிழல் தருகிறது என்றால் இந்தக் கவலை வேண்டாம், நேவி ப்ளூ ஓகே.

வீட்டில் பார்வை மங்கிய பெரியவர்கள் இருந்தால் இதே எண் இன்னொரு வகையிலும் உதவும். கதவுக்கும் சுவருக்கும் இடையே இந்த அளவில் 30 புள்ளிகளாவது வித்தியாசம் இருந்தால், கதவு எங்கே இருக்கிறது என்று சட்டெனத் தெரியும் என்கின்றன பிரிட்டனின் கட்டட வழிகாட்டு நெறிகள். கிரீம் சுவரில் கிரீம் கதவு படத்தில் அழகாக இருக்கலாம். சாயங்கால வெளிச்சத்தில் தாத்தா கைப்பிடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

எந்த நிறம் எப்படி உழைக்கும்?

ப்ரவுன், செங்கல் சிவப்பு, காவி: இவற்றுக்குப் பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு நிறமிகள்தான் அடிப்படை. வெயிலில் எளிதில் வெளுக்காது. "எல்லா வீட்லயும் ப்ரவுன்தானா?" என்று சலித்துக்கொள்பவர்கள் கவனிக்க: பெயிண்டர்கள் ப்ரவுனை விரும்புவதற்கு அனுபவம்தான் காரணம்.

பளிச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்: வாங்கும் அன்று கண்ணைப் பறிக்கும். ஆனால், வெயிலில் சீக்கிரம் வெளுப்பவையும் இந்த வரிசையில் அதிகம். மூடும் திறனும் குறைவு. இரண்டு கோட்டில் முடியும் என்று நினைத்தால் மூன்று, நான்கு வரை போகலாம். அடியில் ஒரே சீரான ப்ரைமர் பூச்சு இருந்தால் வேலை குறையும்.

வெள்ளை, ஆஃப் ஒயிட்: வெப்பம் குறைவு. ஆனால், எண்ணெய் சார்ந்த எனாமலில் வெள்ளை நாளடைவில் மஞ்சளாகும், அதிலும் வெளிச்சம் குறைந்த இடத்தில் வேகமாக. கைப்பிடியைச் சுற்றி விரல் தடமும் தெரியும். தண்ணீர் சார்ந்த எனாமலில் இந்த மஞ்சள் பிரச்சினை குறைவு.

கருப்பு, அடர் நீலம், அடர் பச்சை: கை அழுக்கு தெரியாது, ஆனால் தூசி தெரியும். மெயின் ரோட்டு வீடு என்றால் வாரம் ஒருமுறை துடைக்கும் வேலையையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

"கருப்புக் கதவு வச்சா வீட்டு விலை ஏறுமாம்" என்று ஒரு தகவல் சமூக வலைதளங்களில் சுற்றுவதைப் பார்த்திருக்கலாம். அமெரிக்க வீட்டுமனை இணையதளமான ஜில்லோ, 2018-ல் வெளியிட்ட ஆய்வுதான் அதன் மூலம். கருப்பு அல்லது கரிச் சாம்பல் நிற முன்கதவு கொண்ட வீடுகள் எதிர்பார்த்ததைவிட 6,271 டாலர் கூடுதலாக விற்றன என்றது அது. அது அமெரிக்க வீடு, அமெரிக்கச் சந்தை. நம்மூரில் மனை, பட்டா, தண்ணீர், ரோட்டு அகலம் என்று பேரம் பேசப்படும் இடத்தில் அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவர முடியாது.

வாஸ்து சொன்னால்?

திசைக்கு ஒரு நிறம் என்று வாஸ்து பட்டியல்கள் நிறைய இருக்கின்றன. ஒன்று சொல்வதை இன்னொன்று அப்படியே சொல்வதில்லை என்பதையும் பார்க்கலாம். வீட்டுப் பெரியவர்கள் நம்புகிறார்கள் என்றால், அதை ஒரு சண்டையாக்க வேண்டிய அவசியமில்லை. 'கிழக்குக்கு வெளிர் நிறம்' என்று சொன்னால், வெளிர் நிறங்களுக்குள்ளேயே பத்து தேர்வுகள் இருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. கதவின் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளிப்பக்கம் பெரியம்மாவுக்கு, உள்பக்கம் மகளுக்கு. அப்படியென்றால் கதவின் பக்கவாட்டு விளிம்புக்கு எந்த நிறம்? உள்ளே திறக்கும் கதவு என்றால், பூட்டு இருக்கும் விளிம்புக்கு உள்பக்க நிறமும், கீல் இருக்கும் விளிம்புக்கு வெளிப்பக்க நிறமும் அடிப்பது வழக்கம். திறந்து நிற்கும்போது அந்தந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரே நிறமாகத் தெரியும்.

அபார்ட்மென்ட் என்றால் இன்னொரு கேள்வி. கதவின் வெளிப்பக்கம் பொது வராந்தாவைப் பார்த்து இருக்கிறது. பல குடியிருப்புகளில் எல்லாக் கதவுகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சங்க விதி இருக்கும். அடித்துவிட்டு அனுமதி கேட்பதைவிட, முன்பே செயலாளரிடம் ஒரு மெசேஜ் போட்டுவிடலாம். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில், குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது, வாங்கிக்கொள்ளுங்கள்.

போனில் பார்த்த நிறம் ஏன் கதவில் வருவதில்லை?

காரணம் மூன்று. முதலாவது திரை. ஒவ்வொரு போனும் ஒரே நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும். கேமராவும் வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக நிறத்தைச் சரிசெய்துவிடும். பெயிண்ட் நிறுவனங்களின் ஆப்பில் கதவைப் படமெடுத்து நிறம் மாற்றிப் பார்ப்பது 'பச்சையா, நீலமா' என்று முடிவெடுக்க உதவும். 'எந்த நீலம்' என்பதற்கு உதவாது.

இரண்டாவது அளவு. தபால்தலை அளவுச் சதுரத்தில் மென்மையாகத் தெரியும் நிறம், ஏழு அடிக் கதவில் அடர்த்தியாகத் தெரியும். அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி குறைத்து எடுப்பது பல நேரம் சரியாக வரும்.

மூன்றாவது வெளிச்சம். காலை வெயில், மதிய வெயில், வராந்தா டியூப்லைட், மஞ்சள் எல்.இ.டி. நான்கிலும் ஒரே பெயிண்ட் நான்கு விதமாகத் தெரியும். வெளிச்சமே வராத அபார்ட்மென்ட் காரிடாரில் அடர் பச்சையும் அடர் நீலமும் வெறும் கருப்பாகத்தான் தெரியும்.

இதற்கு ஒரே வழி மாதிரி பார்ப்பதுதான். இருப்பதிலேயே சின்ன டப்பா ஒன்று வாங்கி, ஒரு பிளைவுட் துண்டில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். அதைக் கதவில் டேப் போட்டு ஒட்டி, காலை, மதியம், சாயங்காலம், இரவு லைட் போட்ட பிறகு என்று இரண்டு நாள் பாருங்கள். மாற்ற முடியாதவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: தரை டைல்ஸ், படிக்கட்டு கிரானைட், கிரில் கேட். பெயிண்ட் மாறும், கிரானைட் மாறாது.

பழைய கதவில் ஒளிந்திருக்கும் ஆபத்து

மேலே சொன்னவற்றில் தவறு நடந்தால் மனசு வலிக்கும், காசு போகும். இனி வருவது அப்படியல்ல.

பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எனாமல் பெயிண்டுகளில் நிறத்துக்காகவும், சீக்கிரம் காய்வதற்காகவும் காரீயச் சேர்மங்கள் பல காலம் பயன்படுத்தப்பட்டன. ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருக்க வேண்டியது வெள்ளீயம். அது வேறு. இது காரீயம், ஆங்கிலத்தில் 'லெட்'. குழந்தைகளின் வளரும் மூளையைப் பாதிக்கும் நச்சு. கற்றல் திறன், கவனம், நடத்தை என்று பலவற்றில் அதன் பாதிப்பு தெரியும். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைக்குரிய அளவில் காரீயம் இருப்பதாக 2020-ல் யுனிசெஃப், ப்யூர் எர்த் அமைப்புகள் இணைந்து வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. பெயிண்ட் அதன் பல மூலங்களில் ஒன்று.

இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் காரீயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதிகள் 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் இப்படிக் கட்டாய வரம்பு இல்லை. அதாவது, 2010-ல் அடித்த கதவு, தாத்தா காலத்து நிலை, கிராமத்து வீட்டுப் பச்சை ஜன்னல் எல்லாவற்றிலும் காரீயப் பெயிண்ட் இருக்க வாய்ப்பு உண்டு.

நம்மூர் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாசப்படிக்கும் நிலையின் கீழ்ப்பகுதிக்கும் மஞ்சள் எனாமல் அடித்து, சிவப்பு எனாமலில் பொட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. காரீயம் அதிகம் பயன்பட்டதே அந்த இரண்டு நிறங்களில்தான். குழந்தை தவழ்ந்து, கை ஊன்றி, அந்தக் கையை வாயில் வைக்கும் இடமும் அதுதான். கால் பட்டுத் தேய்ந்து செதில் செதிலாக உரியும் பழைய மஞ்சள் படி இருந்தால், கதவு நிறத்துக்கு முன்னால் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

அப்படியென்றால் பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடலாமா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். உரியாமல் கெட்டியாக இருக்கும் பழைய பெயிண்டால் உடனடி ஆபத்து குறைவு. அதைச் சுரண்டும்போதும், உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கும்போதும்தான் காரீயம் தூசியாகி வீடு முழுவதும் பரவுகிறது. ப்ளோ லாம்ப் வைத்து எரித்து எடுப்பது இன்னும் மோசம், புகையாகி மூச்சுக்குள் போகும். இதில் முதல் பாதிப்பு, முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் நாள் முழுக்கத் தேய்க்கும் பெயிண்டருக்குத்தான். போகிக்குப் பழைய பெயிண்ட் அடித்த ஜன்னல் சட்டங்களைக் கொளுத்துவதும் அதே கதைதான்.

எனவே,

கெட்டியாக இருக்கும் பழைய பூச்சை எடுக்காமல், லேசாகத் தேய்த்து, ப்ரைமர் போட்டு மேலேயே அடிக்கச் சொல்லுங்கள்.

தேய்க்க வேண்டிய இடத்தில் வாட்டர் பேப்பர் போட்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். தூசி பறக்காது.

வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். முடிந்தால் இரண்டு நாள் பாட்டி வீடு.

தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, விழுந்ததைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

பெயிண்டருக்கு என்95 மாஸ்க் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கதவின் மொத்தச் செலவில் அது ஒரு செலவே இல்லை.

குழந்தை ஏற்கெனவே உரிந்த பெயிண்டை வாயில் போட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்கும் பரிசோதனை இருக்கிறது.

புது டப்பாவில் என்ன பார்க்க வேண்டும்?

காரீயம் 90 பிபிஎம்-க்கு மேல் இல்லை என்ற வாசகம், தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், பேட்ச் எண் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். விதிகள் வந்த பிறகும் சில சிறு தயாரிப்புகளில் வரம்பைத் தாண்டிய காரீயம் இருப்பதைத் தன்னார்வ அமைப்புகளின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. லேபிள் இல்லாத மலிவு எனாமலை, அதிலும் மஞ்சள், சிவப்பு நிறங்களில், தவிர்த்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த வரம்பு வீட்டு உபயோகப் பெயிண்டுக்கு மட்டும்தான். தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்டுகள் இதில் வராது. "பட்டறைல மிச்சம் இருந்துச்சு, நல்ல க்வாலிட்டி" என்று யாராவது கொண்டுவந்தால், நன்றி சொல்லித் திருப்பி அனுப்பலாம். கிரில் கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்ஸைடு ப்ரைமரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதன் நிறம் இரும்பு ஆக்ஸைடிலிருந்து வருவது. அந்தக் காலத்தில் இரும்புக்கு அடித்த 'ரெட் லெட்' வேறு.

அளவு என்ன? ஏழுக்கு மூன்றடிக் கதவு ஒரு பக்கத்துக்கு 21 சதுர அடி. இரண்டு பக்கம், நிலை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 60 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் டப்பா பொதுவாகப் போதும். மெஷினில் கலந்து தரும் நிறம் என்றால் தேவையானதை ஒரே தடவையில் வாங்கி, நிறத்தின் குறியீட்டு எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கீறலைச் சரிசெய்ய அந்தப் போட்டோ உதவும்.

எப்போது அடிக்கலாம்?

வடகிழக்குப் பருவமழை நடக்கும்போது வேண்டாம். ஈரம் குடித்த மரத்தில் அடித்த பெயிண்ட், மரம் காயும்போது கொப்பளிக்கும். மழைக்காலத்தில் கதவு இறுகுகிறது என்று ஆசாரியைக் கூப்பிட்டு அதிகம் இழைத்துவிடுவதும் தவறு. கோடையில் அதே இடத்தில் இடைவெளி விழும், பல்லி வரும்.

பெயிண்டர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஓர் இடம் கதவின் மேல் விளிம்பும் அடி விளிம்பும். கண்ணுக்குத் தெரியாது என்பதால் அடிப்பதில்லை. ஆனால், வாசல் தெளிக்கும் தண்ணீரும் மழை ஈரமும் ஏறுவது அந்த அடி விளிம்பு வழியாகத்தான். கதவைக் கழற்றியிருக்கும்போதே அங்கே இரண்டு கோட் அடிக்கச் சொன்னால், எந்த நிறம் என்றாலும் ஆயுள் கூடும்.

ஆக, வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த முறை சண்டை தொடங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இந்த வரிசையில் இருக்கட்டும்: கதவு என்ன மரம்? கடைசியாக எந்த வருஷம் பெயிண்ட் அடித்தோம்? வெயில் எந்த நேரம் விழுகிறது? யார் துடைக்கப் போகிறார்கள்? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகும் நேவி ப்ளூவா ப்ரவுனா என்று இழுபறி இருந்தால், பிளைவுட் துண்டு இரண்டை ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்து ஓட்டெடுப்பு வைக்கலாம். பெயிண்டர் அதுவரை காத்திருப்பார்.